சமம் ஆகும் வரை

எங்கள் நிறுவனத்தில் எனக்குச் சம்பளமே குறை கண்டுபிடிப்பதற்குத்தான். கல்யாண வீட்டில் இந்தக் குணத்தோடு போய் நின்றால் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். மென்பொருள் சோதனைப் பிரிவில் இதற்குப் பதவி உயர்வுகூட உண்டு. மற்றவர்கள் எழுதிய நிரலை ஓட்டிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு எழுதியவரின் முறைப்பையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் செய்வது மனமீட்பு மென்பொருள். விபத்தில் மூளையின் ஒரு பகுதி செத்துப்போனால் அங்கே புதிய செல்களை வளர்ப்பது இப்போது பெரிய வித்தையில்லை. ஆனால் புதிய செல்லுக்குப் பழைய வாழ்க்கை தெரியாதே. அதனால் உடல்நலப் பரிசோதனையின்போது முன்கூட்டியே எடுத்துவைத்த பதிவிலிருந்து, நரம்பு இணைப்பு ஒவ்வொன்றின் வலுவையும் ஒரு தசம எண்ணாக எடுத்து, அந்த இடத்தில் எழுதிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை எழுதினால் சனிக்கிழமை ஆள் கண் விழிப்பார். வீக்கம் வடிந்ததும், வியாழக்கிழமை, எங்கள் மென்பொருள் எழுதிய பகுதியைத் திரும்பப் படித்துப் பதிவோடு ஒப்பிடும். 'சமம்' என்று வந்தால் சான்றிதழ் கிடைக்கும், வீட்டுக்குப் போகலாம். 'சமமில்லை' என்று வந்தால் மறுநாள் மறுபடி மயக்கம் கொடுத்து முதலிலிருந்து எழுதுவார்கள். கண் விழித்த பிறகு பார்த்தது, கேட்டது எல்லாம் புதிதாக முளைத்த இணைப்புகளில் இருக்கும்; அவை ஒப்பீட்டில் சேராது, ஆனால் மறுபடி எழுதும்போது அழிந்துபோகும்.

சான்றிதழ் இல்லாமல் அனுப்பக் கூடாதா என்று கேட்கலாம். கூடாது. சான்றிதழ் இல்லாதவர் சட்டப்படி யாருமே இல்லை. அவருக்கு மனைவி கிடையாது, வீடு கிடையாது, ஓட்டுநர் உரிமம் கிடையாது.

கோவைக்கு வெளியே உள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. ஒரே நோயாளிக்கு ஐந்து வாரமாக 'சமமில்லை' என்றே வருகிறதாம். நிரலை எழுதிய ஜெபராஜ் வழக்கம்போல, "மெஷின்ல ஏதாவது இருக்கும்" என்றார். என் வீடு அந்தப் பக்கம் என்பதால், திங்கட்கிழமை நேரில் போய்ப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் போனபோது நோயாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சென்னியப்பன், வயது நாற்பதுக்குள், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மனைவி கொண்டுவந்த அரிசிம்பருப்புச் சோற்றிலிருந்து தேங்காய்ச் சில்லை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி டப்பா மூடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"எம் பொண்ணு மிதுனாவுக்குங்க. சோத்த உட்டுப்போட்டு தேங்காயத்தான் திம்பா" என்றார் சிரித்துக்கொண்டே. "அவள ஆஸ்டல்ல உட்ருக்கறாங்களாம். நான் கெடக்கறதப் பாத்தா பயந்துக்குவான்னு."

மனைவி சுகந்தாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

வெளியே வராந்தாவில் அவளே ஆரம்பித்தாள்.

"ஸ்கூட்டி ஓட்டுனது நானுங்க அம்மணி. நடுவால புள்ள, பின்னால அவரு. நாய் குறுக்க வந்துருச்சு. எனக்குக் கையிலதான் அடி. புள்ள அங்கயே போயிருச்சுங்க."

இந்த மாதிரி இடத்தில் சொல்வதற்கென்று ஒரு வார்த்தையை யாராவது கண்டுபிடித்திருந்தால் நன்றாக இருக்கும்.

"சனிக்கெழம கண்ணு முழிப்பாரு. மொதோ வார்த்த, மிதுனா எங்கன்னு. நான் சொல்லோணும். சொல்லி, அழுது, ஒரு மாதிரி தெளிஞ்சு வர்றதுக்குள்ள வெள்ளிக்கெழம வந்துரும். மறுக்காவும் அழிச்சுப் போடுவாங்க. மறுக்காவும் மிதுனா எங்கம்பாரு. அஞ்சு தடவ சொல்லீட்டனுங்க. எம் புள்ள அஞ்சு தடவ செத்துப்போயிட்டா."

"டாக்டருங்க என்ன சொல்றாங்கக்கா?"

"இன்னும் சமமாகலீன்னு சொல்றாங்க. ஆகற வரைக்கும் எழுதுங்கன்னு நாந்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தன். எனக்கென்ன தெரியும்? ஒரு தடவயில ஆயிரும்னு நெனச்சன்."

சமம் ஆகும் வரை. நிரலிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. எத்தனை முறைக்கு மேல் நிறுத்த வேண்டும் என்று யாரும் எழுதவில்லை, ஏனென்றால் அது தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"ஒவ்வொரு தடவையும் அவரு ஒரே மாதிரியா இருக்கறாரா?" என்று கேட்டேன். சோதனைக்காரியின் புத்தி வேறு என்ன கேட்கும்?

அவள் யோசித்தாள். "ஆளு அவரேதானுங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா கேட்டவொடனே நடந்துக்கறதுதான் வேற வேற. மொதத் தடவ எங் கையப் புடிச்சுட்டு அழுதாரு. 'நாய் வந்தா நீ என்ன பண்ணுவ'ன்னாரு. ரெண்டாந் தடவ ரெண்டு நாளு பேச்சே இல்ல. ஒரு தடவ, எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, 'நீ சாப்புட்டியா'ன்னாரு. இந்தத் தடவ எனக்குச் சொல்லவே வாய் வர்ல. ஆஸ்டல்னுட்டேன். எப்படியும் வெள்ளிக்கெழம அழிக்கத்தான போறாங்க."

நான் மருத்துவமனையின் கணினி அறைக்குப் போனேன். நோயாளியைத் தொடவே இல்லை. அவருடைய பதிவை எடுத்தேன். அதே பதிவை இன்னொரு முறை எடுத்து, எழுதிய மூளை இதுதான் என்று மென்பொருளிடம் பொய் சொன்னேன். அதாவது சென்னியப்பனைச் சென்னியப்பனோடு ஒப்பிடச் சொன்னேன்.

சமமில்லை என்று வந்தது.

மறுபடி ஓட்டினேன், மறுபடியும் அதே. கோபம் தலைக்கு ஏறியது. அங்கிருந்தே ஜெபராஜைக் கூப்பிட்டேன்.

"மெஷின் மேல பழி போடாதீங்க ஜெபா. உங்க நிரல் ஒரு மனுஷனை அவனோடவே சேர்த்துக்க மாட்டேங்குது."

"அங்க புது மெஷினா? ஆயிரம் ப்ராசஸர் சேர்ந்து கூட்டுறதா?" என்றார்.

"ஆமா. நம்ம மென்பொருளை அதுல போட்டது இவங்கதான் முதல். இவருதான் அதுல முதல் கேஸ்."

"சரி, என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. உன் கணினியைத் திற. பூஜ்யம் புள்ளி ஒண்ணு, பூஜ்யம் புள்ளி ரெண்டு, ரெண்டையும் கூட்டி, அது பூஜ்யம் புள்ளி மூணுக்குச் சமமான்னு கேளு."

கேட்டேன். இல்லை என்றது. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. கல்லூரியில் முதல் வருடம் சொல்லித் தருவார்கள், தேர்வு முடிந்ததும் எல்லாரும் மறந்துவிடுவோம்.

"மூணுல ஒரு பங்கைத் தசமத்துல எழுது பார்ப்போம்" என்றார் ஜெபராஜ். "மூணு மூணா போய்க்கிட்டே இருக்கும். எங்கயோ ஒரு எடத்துல நிறுத்தணும். நிறுத்தின எடத்துல ஒரு துளி போயிடும். கணினி ரெண்டை வச்சு எண்ணுது. அதுக்குப் பத்துல ஒரு பங்கே அப்படித்தான், முடியவே முடியாது. அதனால ஒவ்வொரு கூட்டலும் கடைசி இலக்கத்துல ஒரு துளி ஏறும், இல்ல இறங்கும். எந்த வரிசையில கூட்டறமோ அதைப் பொறுத்து அந்தத் துளி மாறும். நம்ம ஒப்பீடு என்ன பண்ணுது? கோடிக்கணக்கான எண்ணைக் கூட்டி, கூட்டுத்தொகைங்களைத்தானே ஒப்பிடுது? பழைய மெஷின் எப்பவும் ஒரே வரிசையில கூட்டும். அதனால துளியும் ஒரே துளி. புது மெஷின்ல ஆயிரம் ப்ராசஸர், எது முந்தி முடிக்குதோ அதை முந்தி கூட்டும்."

"அப்போ எழுதினதுல தப்பே இல்லையா?"

"செல்லுல இணைப்போட வலு மாடிப்படி மாதிரி, இந்தப் படி இல்லன்னா அடுத்த படி, நடுவுல நிக்காது. திரும்பப் படிச்சா அதே எண்ணுதான் வரும். எழுதினது சரி. கூட்டினதுதான் வேற."

"அஞ்சு தடவையும்?"

"அஞ்சு தடவையும்" என்றார். குரல் இறங்கியிருந்தது. ஜெபராஜ் கெட்டவர் இல்லை.

"கொஞ்சம் வித்தியாசம் இருந்தா பரவாயில்லன்னு ஒரு அளவு விட்டு எழுதறதுதானே வழக்கம்? இரட்டைச் சமக்குறி போட்டு, அச்சு அசலா ஒண்ணான்னு யாராவது தசமத்தை ஒப்பிடுவாங்களா?"

"விட்டுத்தான் எழுதினேன். நெறிக்குழுதான் எடுக்கச் சொல்லிச்சு."

அந்தக் கதையை அவர் சொல்லக் கேட்டபோது சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. முதலில் ஜெபராஜ் ஒரு சிறிய எண்ணைச் சலுகை அளவாக வைத்திருக்கிறார். அதற்குள் வித்தியாசம் இருந்தால் சமம் என்று கொள்ளலாம். எங்கள் நெறிக்குழு, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறது. இவர், உண்மை விளம்பி, தான் முன்பு எடைமேடைக்கு எழுதிய நிரலிலிருந்து எடுத்தேன் என்று சொல்லிவிட்டார். லாரியை ஏற்றி எடை பார்க்கும் மேடைக்கு! குழுத் தலைவர் டாக்டர் மல்லிகார்ஜுனன் மேசையைத் தட்டியிருக்கிறார். சரி, வேறு எந்த எண்ணை வைப்பது? யாரும் சொல்லத் தயாராக இல்லை. எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்குக் கீழே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமே. பூஜ்யத்துக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பூஜ்யம் என்று முடிவு செய்துவிட்டு எல்லாரும் காபி குடிக்கப் போயிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் கிளம்பும் முன் சுகந்தாமணியிடம், "அக்கா, இது எங்க தப்பு. இந்த வாரத்தோட நிறுத்திடறேன். இனிமே அழிக்க மாட்டாங்க" என்று சொன்னேன். சந்தோஷத்தில் சொன்னேன். குழு ஒப்புக்கொள்ளும் முன்பே வாக்குக் கொடுத்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் வர முடியவில்லை.

புதன்கிழமை காலை குழு கூடியது. டாக்டர் மல்லிகார்ஜுனன் பெரிய மனிதர், மூளை அறுவையில் பேர் எடுத்தவர். நான் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஆக, தோராயமா ஒரு மனுஷனை வீட்டுக்கு அனுப்பலாம்ங்கறே. இவர் சுமாரா உங்க புருஷன், கூட்டிட்டுப் போங்கம்மான்னு சொல்லணும். அப்படித்தானே?"

"சார், உங்க பதிவு நம்மகிட்ட இருக்கு. நீங்க அனுமதி கொடுத்தா ஒரு சோதனை ஓட்டிக் காட்டறேன்."

"தாராளமா."

மருத்துவமனையின் புது மெஷினுக்கு அனுப்பி ஓட்டினேன். திரையில் 'சமமில்லை' என்று வந்தது.

"யாரோட ஒப்பிட்டே?" என்றார்.

"உங்களோட உங்களைத்தான் சார்."

ஜெபராஜ் மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினார். கீழே எதுவும் விழவில்லை என்பது எனக்குத் தெரியும். டாக்டர் திரையை வெகுநேரம் பார்த்தார். இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். இரண்டாவது முறையும் அவர் அவராக இல்லை.

"அந்த மெஷின்ல நான் படுத்திருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அழிச்சு எழுதிட்டே இருப்போம் சார். நீங்க சாகற வரைக்கும்."

அதற்குப் பிறகு அவர் மேசையைத் தட்டவில்லை. "எவ்வளவு விடணும்? லாரிக்கு விட்டதா?" என்றார்.

"இல்ல சார்" என்றார் ஜெபராஜ். "எத்தனை எண்ணைக் கூட்டறோம், அதுல அதிகபட்சம் எவ்வளவு துளி சேரலாம்னு கணக்கு இருக்கு. அந்த அளவு மட்டும். அதுக்கு மேல ஒரு இணைப்பு மாறியிருந்தாலும் பிடிச்சிடும்."

டாக்டர் அந்த எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, "அந்த அம்மாவை நான் பார்க்கலாமா?" என்று கேட்டார். பிறகு, வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை திருத்திய நிரலோடு மருத்துவமனைக்குப் போனேன். சுகந்தாமணி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஓடி வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

"முடிஞ்சுதுக்கா. இன்னிக்கு மத்தியானம் போட்டுருவேன். சாயங்காலம் சான்றிதழ்."

"அவருகிட்ட நேத்துச் சொல்லீட்டன்" என்றாள். "இனி அழிக்க மாட்டாங்கன்னு நீங்க சொன்னீங்கல்ல. அப்ப நெலச்சு நிக்கறவருகிட்ட ஒழுங்காச் சொல்லோணும்னு சொன்னன். அஞ்சு தடவ சொன்னதவிட நல்லாத்தான் சொன்னன் அம்மணி."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"'நீதான் கொன்ன'ன்னாரு. 'மொள்ளப் போன்னு எத்தன நாள் சொல்லியிருக்கறன், கேட்டியா'ன்னாரு. ஆஸ்டல்னு பொய் சொல்லி ஏமாத்தியிருக்கறீன்னாரு. அதுக்கப்புறம் எம் மூஞ்சியப் பாக்கல."

அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஒன்னு கேட்டாத் தப்பா நெனைக்காதீங்க. இன்னொரே ஒரு தடவ அழிச்சுப்போட முடியுமா? நாளைக்கு எழுதிட்டாங்கன்னா, சனிக்கெழம எந்திரிச்சு மறுக்காவும் கேப்பாரு. அப்ப நான் வேற மாதிரி சொல்றன். பொய் சொல்லாம, மொத நாளே சொல்லீர்றன். மொதோ வாரம் எங் கையப் புடிச்சாரே, அந்த மனுசன் வந்துட்டாருன்னா அவரக் கூட்டிட்டுப் போயர்றன்."

முடியும். மிகச் சுலபம். நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. திருத்தத்தை இன்றைக்குப் பதிலாகச் சனிக்கிழமை போட்டால் போதும், மற்றதைப் பழைய நிரல் பார்த்துக்கொள்ளும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தாமதமாகப் போய்ச் சேரும் திருத்தம் எங்கள் தொழிலில் புதுசா என்ன?

செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தப் பெண் ஆறு முறை பட்டதற்கு ஈடாக ஏழாவது வாய்ப்பு ஒன்றைக் கொடுப்பது நியாயம் என்றே பட்டது. உள்ளே கட்டிலில் இருப்பவர் நாளைக்கு அழிவார் என்பதும் தெரிந்துதான் இருந்தது. அவருக்குத் தன் மகள் செத்த விஷயம் தெரிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

"உங்க இஷ்டம்க்கா" என்றேன். "நீங்க சொன்னா நான் சனிக்கிழமை வரைக்கும் தள்ளி வைக்கறேன்."

சேலை முந்தானையின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த மொதோ வாரத்து ஆளும் இந்த ஆளும் வேற வேறயா? உங்க மிசின் என்ன சொல்லுது?"

"அதே எண்ணுங்கக்கா. எல்லாத் தடவையும் ஒன்னுதான். கூட்டறதுலதான் நாங்க தப்புப் பண்ணிட்டோம்."

"அப்ப எங் கையப் புடிச்சவரும் இவருதான்?"

"இவரேதான்."

"'சாப்புட்டியா'ன்னு கேட்டவரு?"

"அவரும்."

"கொன்னுட்டீன்னு சொன்னவரும் அதேதானுங்களே. அப்ப மொதோ வாரமும் இந்த நெனப்பு அவருக்குள்ள இருந்திருக்கும். சொல்லாம இருந்திருக்கறாரு, அவ்வளவுதான்." பிரித்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே, "அதே மாதிரி, அன்னைக்கு அழுதவரும் இன்னைக்கு இவருக்குள்ளதான இருக்கோணும்?" என்றாள்.

சமம் என்பதை எங்கள் குழுவில் யாரும் இப்படிப் படித்ததில்லை.

"வேண்டாம் அம்மணி. அழிக்க வேண்டாம். நல்ல பேரு வாங்கறதுக்காவ எம் புருசன எத்தன தடவ கொல்றது? நீங்க போட்டுருங்க."

மத்தியானம் திருத்தத்தைப் போட்டேன். மென்பொருள் ஓடியது, 'சமம்' என்று வந்தது. கூடவே வழக்கமாகச் செய்வதுபோல் பழைய ஐந்து வாரங்களின் தரவையும் ஓட்டிப் பார்த்தேன். ஐந்தும் சமம். முதல் வாரமே அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். நடந்த தவறைக் குறிக்க எங்கள் அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு, 'பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை' என்று. ஒன்று என்று போடுவதா, ஐந்து என்று போடுவதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஜெபராஜைக் கேட்டேன். அவர், "நீயே போடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சான்றிதழைக் கொடுக்க நான்தான் அறைக்குப் போனேன். சென்னியப்பன் வாங்கிப் பார்க்காமலே தலையணைக்குக் கீழே வைத்தார். கண் சிவந்து கிடந்தது. சுகந்தாமணி டப்பாவைத் திறந்து, மூடியை ஓரமாக வைத்து, சோற்றை அவர் முன்னால் நகர்த்திவிட்டு எட்டிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதே அரிசிம்பருப்புச் சோறு. வேறு எதுவும் சமைக்கும் நிலையில் அவள் இல்லை.

அவர் பிசைந்தார். விரல் தன்னாலே ஒரு தேங்காய்ச் சில்லை எடுத்து மூடியில் வைத்தது. அடுத்ததை எடுத்தது, பாதியில் நின்றது. நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு என்ன உரிமை?

ஆனாலும் வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சோற்றில் ஒரு சில்லுகூட இல்லாமல் எடுத்து மூடியில் வைத்தார். வைத்துவிட்டு மூடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் மட்டும் அதை அவள் இருந்த பக்கம் தள்ளினார்.

சுகந்தாமணி எழுந்து வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அதை எடுத்துத் தின்றாள்.